வில்சன் கார்டன் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை: சூடானால் நிற்கும் வண்டிக்கு இங்கே போங்கள்

பெங்களூரு வில்சன் கார்டனில், லால்பாக் பக்கமிருந்து ஓசூர் ரோட்டுக்குப் போகும் சந்துகளில் ஒன்றில் இருக்கிறது இந்தக் கடை. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் பழைய பேட்டரிகள் அடுக்கியிருக்கும் ஒற்றை ஷட்டர், உள்ளே ஒரு மர பெஞ்சு, சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் வயர் கட்டுகள். அங்கே இருக்கும் எலக்ட்ரீஷியன் அண்ணன், ஒரு பொருளை மாற்றுவதற்கு முன்னால் அதுதான் பழுது என்று வண்டிக்காரருக்கு நிரூபித்துக் காட்டுகிறார். இத்தனை வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், இப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

அல்சூரில் இட்லி, தோசை மாவு அரைத்துக் கொடுப்பது என் தொழில். இந்திராநகர், டோம்லூர், கோரமங்களா பக்கம் சின்னச் சின்ன டிபன் கடைகளுக்கு விடியற்காலையில் ஒரு நடை, பகலில் ஒரு நடை. வண்டி பழைய பெட்ரோல் வேன். மூன்று சிலிண்டர், கார்பரேட்டர், முன் சீட்டுக்கு அடியிலேயே இன்ஜின். எஃப்.சி. எடுத்து வரி கட்டி ஒழுங்காக ஓட்டுகிறேன். புது வண்டி வாங்கேன் என்று சொல்லாதவர் இல்லை. ஆனால் சீட்டைத் தூக்கினால் எல்லாம் கைக்கு எட்டும் இன்ஜின் இது. தரை தாழ்வாக இருப்பதால் மாவு டப்பாக்களை ஒரே ஆள் தள்ளி ஏற்றிவிடலாம். எனக்கு இது போதும்.

போன வருஷக் கோடையில்தான் தொல்லை ஆரம்பித்தது. காலை நடையில் ஒன்றும் செய்யாது. பகலில் டோம்லூர் மேம்பாலத்துக்குக் கீழே ஊர்ந்து ஊர்ந்து போகும்போது பட்டென்று அணைந்துவிடும். செல்ஃப் அடித்தால் இன்ஜின் நன்றாகச் சுற்றும், பிடிக்கவே பிடிக்காது. சீட்டைத் தூக்கி வைத்து அரை மணி நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். அந்த அரை மணி நேரம் மாவுக்கு ஆகாது. ஏப்ரல் வெயிலில் மூடிய வேனுக்குள் மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும். புளித்த மாவைக் கடைக்காரர் வாங்க மாட்டார், வாங்கவும் கூடாது.

முதலில் போன இடங்களின் பெயர் இங்கே வேண்டாம். ஒரு இடத்தில் கார்பரேட்டரைக் கழுவி பெட்ரோல் பம்ப்பை மாற்றினார்கள். இன்னொரு இடத்தில் இக்னிஷன் காயிலை மாற்றினார்கள். இரண்டு இடத்திலும் ராத்திரி முழுக்க ஆறிய வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு, சரியாயிடுச்சு என்று சாவியைக் கொடுத்தார்கள். ஆறிய வண்டியில் இந்தக் கோளாறு இருக்காது என்பதை அவர்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. நான் சொன்னபோதும் காதில் வாங்கவில்லை. "சார் வந்தா பேசிக்கிறோம்மா" என்று வேறு ஒருவர் சொன்னார். வண்டி ஓட்டுவது நான், நிற்கும்போது நடுரோட்டில் நிற்பதும் நான்.

டிபன் கடைக்காரர் ஒருவர் சொல்லித்தான் வில்சன் கார்டனுக்குப் போனேன். அண்ணனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், கே.ஜி.எஃப். காரர். தமிழ், கன்னடம், உருது மூன்றிலும் சரளமாகப் பேசுகிறார். பானெட்டையோ சீட்டையோ திறக்கும் முன்பே கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"நிக்கறப்போ குலுங்கி குலுங்கி நின்னுச்சாக்கா, இல்ல சாவியைத் திருப்பின மாதிரி நின்னுச்சா?"

சாவியைத் திருப்பின மாதிரிதான் என்றேன்.

"நின்ன உடனே செல்ஃப் போட்டா ஒரு தடவையாவது 'டப்'புனு பிடிக்கப் பாத்துச்சா?"

இல்லை, வெறுமனே சுற்றியது.

"அப்ப பெட்ரோல் மேல எனக்குச் சந்தேகம் கம்மி. கரண்டுதான். ஆனா இப்ப ஆறிப்போய் வந்திருக்கு, இப்ப நான் எதைச் சொன்னாலும் ஊகம்தான்."

பெட்ரோல் வராமல் நிற்கும் வண்டி அப்படிச் சட்டென்று நிற்காது என்று விளக்கினார். கார்பரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீரத் தீர இழுவை குறையும், ஜெர்க் அடிக்கும், பிறகுதான் அணையும். வெயிலில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும் கோளாறும் சூட்டில்தான் வரும், ஆனால் அதற்கும் இந்தத் தடுமாற்றம் உண்டு. பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக் பொறி நின்றால் அந்த அவகாசமே கிடையாது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் எல்லாம் முடிந்துவிடும். இந்த ஒரு கேள்வியை முன்பே யாராவது கேட்டிருந்தால் பெட்ரோல் பம்ப் காசு மிச்சமாகியிருக்கும்.

அவர் சந்தேகப்பட்டது இக்னிஷன் மாட்யூலை. சிலர் இக்னைட்டர் என்பார்கள். என் வண்டியில் அது, ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்துக் கரண்டைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரோடு ஒட்டியே இருக்கிறது, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் வேலையை அவர் பெஞ்சில் கிடந்த ஒரு பழைய காயிலை வைத்துச் சொல்லிக் கொடுத்தார். நான் கேட்டதால்தான் சொன்னார், ஆனால் கேட்டதும் முகம் மலர்ந்து சொன்னார்.

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். சிலிண்டருக்குள் அழுத்தத்தில் இருக்கும் காற்று பெட்ரோல் கலவைக்கு நடுவே, பிளக்கின் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைப் பொறி தாண்ட வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கில் வோல்ட் வேண்டும். காயில் 20,000 வோல்ட்டுக்கு மேல்கூடக் கொடுக்க வல்லது. காயிலுக்குள் இரும்புத் தண்டைச் சுற்றி இரண்டு சுருள்கள் இருக்கின்றன. தடித்த கம்பியில் சில நூறு சுற்று, முடி போன்ற மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்று. தடித்த சுருளில் கரண்ட் ஓடினால் இரும்பில் காந்தப்புலம் சேரும். அந்தக் கரண்டைச் சட்டென்று வெட்டினால் புலம் சரியும். சரிகிற வேகத்தில் தடித்த சுருளிலேயே 300, 400 வோல்ட் எழும்பும். மெல்லிய சுருளில் சுற்று ஏறக்குறைய நூறு மடங்கு, அதனால் வோல்ட்டும் அந்த அளவுக்கு ஏறும்.

"கரண்ட் போறப்போ பொறி வராதுக்கா, நிறுத்தறப்பதான் வரும். ஓடற தண்ணிக் குழாயைப் படக்குனு மூடினா பைப்பே அதிருமில்ல, அந்த அதிர்ச்சிதான் இங்க பொறி."

ஆக, எல்லாம் வெட்டுவதில்தான் இருக்கிறது. சரியான நொடியில் வெட்ட வேண்டும், சுத்தமாக வெட்ட வேண்டும். பழைய வண்டிகளில் இதைச் செய்தது பாயிண்ட். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டில் இருக்கும் மேடு ஒரு சின்னக் கையைத் தள்ளும், இரண்டு உலோக முனைகள் பிரியும், கரண்ட் அறும். பக்கத்தில் ஒரு கண்டென்சர், முனைகள் கருகாமல் இருக்க. அமெரிக்காவில் டெல்கோ நிறுவனத்தை 1909இல் தொடங்கிய சார்லஸ் கெட்டரிங் கேடிலாக் கார்களுக்கு உருவாக்கிக் கொடுத்த ஏற்பாடு அது. அறுபது வருஷத்துக்கு மேல் உலகம் முழுக்க அதே அடிப்படையில்தான் கார்கள் ஓடின. என் அப்பா மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில் எமரித் தாளும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தது இந்தப் பாயிண்ட்டைத் தேய்க்கத்தான். முனை கருகும், தேயும், இடைவெளி மாறும், அதோடு பொறி வரும் நேரமும் மாறும். அதிகக் கரண்ட் விட்டால் முனை எரிந்துவிடும் என்பதால் காயிலுக்கும் நாலு ஆம்பியருக்கு மேல் கொடுக்க முடியாது.

1970களில் அந்த இடத்துக்கு எலக்ட்ரானிக் மாட்யூல் வந்தது. கிரைஸ்லர் 1973இல் தன் அமெரிக்கக் கார்களில் எல்லாம் போட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 1975இல் போட்டது. மேடு தள்ளும் கைக்குப் பதிலாக, தண்டில் ஒரு பல் சக்கரம், பக்கத்தில் காந்தத்தோடு ஒரு சின்னச் சுருள். இதற்குப் பிக்கப் காயில் என்று பெயர். ஒவ்வொரு பல்லும் தொடாமலே கடக்கும்போது சுருளில் மெல்லிய ஏசி கரண்ட் பிறக்கும். மாட்யூல் அந்த மெல்லிய அலையைப் பார்த்து, உள்ளே கரண்டுக்குக் கதவு மாதிரி இருக்கும் பவர் டிரான்ஸிஸ்டரைத் திறந்து மூடும். உரசல் இல்லை, தேய்மானம் இல்லை.

இத்தோடு நின்றால் அதை வெறும் சுவிட்ச் என்று சொல்லிவிடலாம். நல்ல மாட்யூல் இன்னும் இரண்டு வேலை செய்கிறது. இன்ஜின் 3000 சுற்றில் ஓடும்போது என் மூன்று சிலிண்டர் வண்டிக்கு நிமிஷத்துக்கு 4500 பொறி வேண்டும், அதாவது வினாடிக்கு 75. ஒரு பொறிக்கும் அடுத்த பொறிக்கும் நடுவே 13 மில்லி வினாடிதான். ஐட்லிங்கில் இந்த அவகாசம் மூன்று மடங்குக்கும் மேல். காயில் நிரம்ப எடுக்கும் நேரம் எப்போதும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் வேகத்துக்குத் தக்கபடி எப்போது கரண்டைத் திறப்பது என்பதை மாட்யூல் முன்னே பின்னே நகர்த்திக்கொள்கிறது. அடுத்து, காயில் நிரம்பிய பிறகும் கரண்ட் ஏறிக்கொண்டே போகாமல் ஒரு அளவில் பிடித்து நிறுத்துகிறது. வண்டியைப் பொறுத்து ஐந்து, ஆறு, ஏழு ஆம்பியர்.

சூடு கிளம்புவது இந்த இடத்தில்தான். முழுதாகத் திறந்த டிரான்ஸிஸ்டர் அதிகம் சுடாது, முழுதாக மூடியது சுடவே சுடாது. பாதி திறந்து கரண்டைப் பிடித்து வைத்திருக்கும்போது மிச்ச வோல்ட் முழுவதையும் தானே தாங்கிச் சூடாக்கிக்கொள்கிறது. அந்தச் சூட்டை வெளியே கடத்தத்தான் மாட்யூலுக்கு அடியில் அலுமினியத் தகடு. தகடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புக்கும் நடுவே வெள்ளைப் பசை ஒன்று தடவ வேண்டும். தகடு வழுவழுப்பாகத் தெரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் காற்று நிற்கும், காற்று சூட்டைக் கடத்தாது. பசை காய்ந்து போனால், அல்லது யாரோ ஒருவர் கழற்றித் திரும்பப் போடும்போது பசையில்லாமல் போட்டால், சூடு உள்ளேயே தங்கும். உள்ளே சாலிடர் இணைப்பில் விழுந்த மெல்லிய விரிசல் சூட்டில் விரிந்து தொடர்பு விட்டுப்போகும். ஆறினால் மறுபடி ஒட்டும். என் வண்டி டிராஃபிக்கில் நின்று, அரை மணி நேரத்தில் கிளம்பியதற்குக் காரணம் இதுதான். இன்ஜின் சீட்டுக்கு அடியில், காற்றோட்டம் இல்லாத பெட்டிக்குள் இருப்பதும் சேர்ந்துகொண்டது.

இது என் வண்டிக்கு மட்டும் வந்த நோய் இல்லை. அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி 1980களில் இதே மாதிரி டிஸ்ட்ரிபியூட்டர் மேலேயே மாட்யூலைப் பொருத்தியது. சூட்டில் வண்டிகள் நடுவழியில் நின்றன என்று கலிஃபோர்னியாவில் பெரிய கூட்டு வழக்கே நடந்து, 2001இல் சமரசத்தில் முடிந்தது. பின்னால் வந்த மாடல்கள் சிலவற்றில் மாட்யூலை இன்ஜினை விட்டுத் தள்ளி, சூடு இறங்கும் துடுப்புகள் வைத்த அலுமினியக் கட்டையில் பொருத்தினார்கள்.

இனி அண்ணன் சோதித்த விதம். நான் பணம் கொடுத்தது முக்கியமாக இதற்குத்தான்.

வண்டியை ஓடவிட்டு, சீட்டை மூடி, அதன்மேல் ஒரு சாக்கையும் போட்டார். நன்றாகச் சூடேறியும் நிற்கவில்லை. உடனே பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு பழைய ஹேர் டிரையரை எடுத்தார். சீட்டைத் தூக்கி, அதன் சூடான காற்றை மாட்யூல் மேல் மட்டும் காட்டினார். கொஞ்ச நேரத்தில் இன்ஜின் பட்டென்று நின்றது. டோம்லூரில் நிற்பது போலவே, ஒரு குலுக்கலும் இல்லாமல்.

அதைப் பார்த்ததும் மாற்றிவிடலாம் என்று நான் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "பக்கத்துல பிக்கப் காயிலும் இருக்குக்கா. காத்து அதும் மேலயும்தான் பட்டிருக்கும். எது செத்துச்சுன்னு இன்னும் தெரியாது."

வண்டி ஆறும் முன்னால் வேகமாக வேலை செய்தார். டெஸ்ட் லாம்ப்பை காயிலின் பிளஸ் முனையில் வைத்தார். நன்றாக எரிந்தது. ஆகவே சாவி சுவிட்ச், பியூஸ், வயரிங் எதிலும் குற்றமில்லை, காயிலுக்குக் கரண்ட் வருகிறது. பிறகு லாம்ப்பின் கிளிப்பை பேட்டரி பிளஸ்ஸில் மாட்டி, முனையைக் காயிலின் மைனஸில் வைத்து, கடைப் பையனைச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். மாட்யூல் வெட்டி வெட்டி விட்டால் அங்கே லாம்ப் மினுக்க வேண்டும். மினுக்கவில்லை. வெட்டு நடக்கவில்லை என்பது உறுதி. மூன்றாவதாக பிக்கப் காயிலின் இரண்டு வயரில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து மறுபடி செல்ஃப் அடிக்கச் சொன்னார். முள் நன்றாக எழும்பியது. ஆக, வெட்டு என்ற தகவல் மாட்யூலுக்குப் போகிறது, மாட்யூல் வெட்டவில்லை. மீட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டி, "இப்ப சொல்லலாம்" என்றார்.

பிறகு ஈரத்துணியை மாட்யூல் மேல் ஒற்றினார். சற்று நேரத்தில் வண்டி கிளம்பியது. அதே டெஸ்ட் லாம்ப் இப்போது மினுக்கியது. இந்தக் கடையைத் தவிர நான் போன எந்த இடத்திலும் இதில் ஒரு சோதனைகூட நடக்கவில்லை. இதற்கெல்லாம் பெரிய மெஷின் ஒன்றும் வேண்டியதில்லை. ஒரு பல்பு, ஒரு மீட்டர், ஒரு ஹேர் டிரையர், அதோடு எது எதைச் செய்கிறது என்ற தெளிவு.

இன்னொன்றும் செய்தார். முன்பு கழற்றிய பழைய காயிலை நான் வண்டியிலேயே போட்டு வைத்திருந்தேன். அதைக் கேட்டு வாங்கி, இரண்டு சுருளின் ஓம் அளவையும், அதாவது மின்தடையையும் பார்த்தார். நல்ல நிலையில் இருந்தது. புதிதாகப் போட்டிருந்த காயிலோ பாயிண்ட் வண்டிக்கு உரியது, ஓம் அதிகம். அதனால் கெடுதல் இல்லை, ஆனால் கரண்ட் குறைந்து பொறி மெலிந்திருக்கும் என்றார். ஓம் ரொம்பக் குறைந்த காயிலை ஒத்துவராத மாட்யூலோடு போட்டால்தான் மாட்யூல் வெந்துவிடும். பழைய காயிலையே திரும்ப மாட்டிவிட்டு, புதியதை என் கையில் கொடுத்தார். வேறு யாராவதாக இருந்தால் இரண்டையும் வைத்துக்கொண்டு மூன்றாவது ஒன்றை விற்றிருப்பார்கள்.

மாட்யூலை அவர் கடையில் வைத்திருப்பதில்லை. ஜே.சி. ரோட்டில் வாங்க வேண்டும். நாமே வாங்கி வரலாம், இல்லை அவரே பையனை அனுப்புவார். நான் அவரையே அனுப்பச் சொல்லி, கடை பில்லையும் கேட்டு வாங்கினேன். 1,850 ரூபாய். பாதி விலையில் ஒன்று கிடைக்கிறது. அதையும் பையன் ஒப்பிட்டுப் பார்க்க எடுத்து வந்திருந்தான். அண்ணன் இரண்டையும் கையில் கொடுத்தார். மலிவானதன் அடித்தகடு மெல்லிசு, ஒரு ஓரம் வளைந்திருந்தது. கண்ணாடி மேல் வைத்துக் காட்டினார், ஒரு பக்கம் ஆடியது. சமமாக உட்காராத தகடு சூட்டைக் கடத்தாது, அதில் எவ்வளவு பசை போட்டும் பலனில்லை. அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

பழையதைக் கழற்றியபோது அடியில் பசை காய்ந்து வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. பெட்ரோலில் நனைத்த துணியால் இரண்டு பரப்பையும் துடைத்து, புதுப் பசையை மெல்லிசாகத் தடவினார். பிளக் தொப்பிக்குள் ஈரம் புகாமல் போடும் சிலிக்கான் கிரீஸ் வேறு, சூடு கடத்தும் இந்தப் பசை வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் மெக்கானிக்குகள் நிறைய என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். உங்கள் வண்டியில் யாராவது மாட்யூல் மாற்றினால் பக்கத்தில் நின்று இந்தப் பசையைக் கவனியுங்கள். பசை இல்லாமல் திருகினால் நிறுத்தச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிடவில்லை. டெஸ்ட் லாம்ப்பை நீண்ட வயரில் இழுத்து டாஷ்போர்டு மேல் வைத்து, என்னை ஓட்டச் சொல்லி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆடுகோடி வழியாக ஓசூர் ரோட்டில் ஏறி, மடிவாளா நெரிசலில் வேண்டுமென்றே சேர்ந்து நின்றோம். லாம்ப் மினுக்கிக்கொண்டே இருந்தது. போகிற வழியில் ஆடுகோடி மைக்கோ தொழிற்சாலையைக் காட்டி, இந்தப் பக்கம் இத்தனை எலக்ட்ரீஷியன்கள் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்றார். 1950களிலிருந்து பிளக்கும் டீசல் பம்ப்பும் செய்த இடம். 2008இல் கம்பெனி பெயர் பாஷ் லிமிடெட் என்று மாறியது. ஆனாலும் பெரியவர்கள் இன்றைக்கும் மைக்கோ பிளக் என்றுதான் கேட்கிறார்களாம்.

வேலைக்கூலி, சோதனை எல்லாம் சேர்த்து 600 ரூபாய் வாங்கினார். பழைய மாட்யூலைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு முழுக் கோடை ஓட்டிவிட்டேன், ஒரு தடவைகூட வண்டி நிற்கவில்லை.

கடையின் குறைகளையும் சொல்ல வேண்டும். வண்டி நிறுத்த இடம் இல்லை. சந்தில் இரண்டு வண்டி நின்றாலே பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தம் போடுகிறார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. போன் எடுப்பது அபூர்வம். நேரம் சொன்னால் அந்த நேரத்துக்கு முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு வண்டியையும் இப்படித்தான் நிதானமாகப் பார்க்கிறார். காத்திருக்கும் பெண்களுக்குக் கழிப்பறை வசதி இல்லை, அருகில் இருக்கும் ஓட்டலைத்தான் நாட வேண்டும். ஆனால் என்னிடம் நேராகப் பேசினார், நான் சொன்ன அறிகுறியை முழுக்கக் கேட்டார், சார் எங்கே என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எனக்கு அது பெரிய விஷயம்.

புதுக் கார்களுக்கு இவரிடம் போகாதீர்கள், அவரே வேண்டாம் என்றுதான் சொல்வார். இப்போதைய கார்களில் டிஸ்ட்ரிபியூட்டரே இல்லை. இன்ஜின் சுற்றுவதைக் கிராங்க் சென்சார் பார்த்துச் சொல்ல, ஈ.சி.யூ. என்னும் வண்டிக் கம்ப்யூட்டர் முடிவு செய்ய, ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனிக் காயில் உட்கார்ந்திருக்கிறது. பல வண்டிகளில் அந்த டிரான்ஸிஸ்டரும் காயிலுக்குள்ளேயே போய்விட்டது. அதற்கு ஸ்கேனர் வேண்டும், தன்னிடம் இல்லை என்கிறார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவரை நம்பலாம்.

பழைய பைக்குகளை ஆர்வத்தோடு பார்க்கிறார். நான் இருந்தபோது ஒரு பையன் யெஸ்டி கொண்டு வந்தான், மைசூரில் செய்த பாயிண்ட் வண்டி. இன்னொருவருடையது சி.டி.ஐ. பெட்டி உள்ள டூ ஸ்ட்ரோக். சி.டி.ஐ. என்பது இதற்கு நேர்மாறான ஏற்பாடு. கரண்டை வெட்டிப் பொறி எடுப்பதற்குப் பதில், 200, 300 வோல்ட்டைக் கண்டென்சரில் சேர்த்து வைத்து ஒரே தட்டில் காயிலுக்குள் கொட்டுகிறது. பொறி வேகமாக எழும், கொஞ்ச நேரமே நிற்கும். அதிக சுற்றில் ஓடும் சின்ன இன்ஜினுக்குப் பொருத்தம். அந்தப் பெட்டி பழுதானால் உள்ளே ரெசின் ஊற்றி மூடியிருப்பதால் திறந்து பார்க்க வழியில்லை, மாற்றத்தான் வேண்டும் என்று அந்த ஆளிடமும் சோதித்துக் காட்டிவிட்டுத்தான் சொன்னார்.

போவதாக இருந்தால் சில விஷயம். வண்டி எப்போது, எவ்வளவு தூரம் ஓடிய பிறகு, குலுங்கி நின்றதா சட்டென்று நின்றதா, எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்பியது என்பதை எழுதிக்கொண்டு போங்கள், அவர் கேட்பார். பழைய பாகங்கள் எதையும் தூக்கி எறியாமல் எடுத்துப் போங்கள். முடிந்தால் பகலில், டிராஃபிக்கில் ஓட்டிச் சூடேறிய வண்டியோடு போங்கள், ஹேர் டிரையர் வேலை மிச்சம். மதியம் ஒன்றரை மணியிலிருந்து மூன்று வரை சாப்பாட்டுக்கு ஷட்டரை இறக்கிவிடுவார், வெள்ளிக்கிழமை விடுமுறை.